ஞாயிற்றுக்கிழமைக் கத்தி

என் தையல் மெஷின் எண்ணெயைத் திருடித் திருடியே தீர்த்த என் தங்க அண்ணா,

கிடைத்துவிட்டது! ஞாயிற்றுக்கிழமை கிடைத்துவிட்டது! போன ஞாயிறு காலையில், ஆராதனைக்கு முதல் மணி அடிப்பதற்கு முன்பே, இந்த வலது கையால் அதைப் பிடித்தேன். பிடித்ததோடு நிற்கவில்லை, அலறியும்விட்டேன். நம் போதகர் ஐயர் அங்கியைப் பாதி மாட்டிக்கொண்டு ஓடிவந்தார். பாம்பு என்று நினைத்தாராம்.

மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. எட்டாம் வகுப்பில் ஒரே கணக்கை இரண்டு தடவை போட்டேன், பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சேர்ந்து சிரித்தேன். உனக்குச் சொல்லாமல் இனி ஒரு நாள்கூடத் தாங்காது.

இந்தக் கடிதத்தை நம் சபைப் பத்திரிகையில் போடச் சொல்லி ஐயரிடம் பிடிவாதம் பிடித்துச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். ஊரும் படிக்கும். ஏன் படிக்க வேண்டும் என்பது போகப் போக உனக்கே தெரியும். அதனால் எனக்குத் தெரிந்த கதையையே எனக்குச் சொல்கிறாளே என்று உச்சுக்கொட்டாமல் கேள்.

ஊருக்குச் சொல்கிறேன். என் அண்ணன் ஜெபராஜ் ரயில்வே ஆபீஸில் குமாஸ்தா. சேலையூரில் அண்ணியும் நானும் அவனுமாக ஒரே வீடு. ஊரே பிளேடுக்கு மாறிக்கொண்டிருந்த நாட்களில், வீட்டுக்கு வீடு பரணில் தூக்கிப் போட்ட பழைய சவரக் கத்திகளைத் தேடித் தேடிச் சேர்த்தவன் அவன். பிடியில் மடங்கிக்கொள்ளும் அந்தக் காலத்துக் கத்திகள். கொம்புப் பிடி, தந்தப் பிடி, எலும்புப் பிடி என்று முப்பத்தொன்று இருந்தன. ஒவ்வொன்றும் பழைய ஃபிளானல் துணியில் சுற்றி, பிஸ்கட் டின்னில், கட்டிலுக்கு அடியில்.

கோவளம் நினைவிருக்கிறதா? மீன் வாங்கப் போனோம். அங்கே ஒரு அம்மா வலை நூலை அறுத்துக்கொண்டிருந்தாள். நீ அவள் கையையே வெறித்துப் பார்த்தாய். அவள் புருஷன் படகை விட்டு இறங்கி வந்து உன் சட்டையைப் பிடிக்கப் போனான். "கையில்ல அய்யா, கத்தி, கத்தி!" என்று நீ பதறியதும், இங்கிலாந்தில், ஷெஃபீல்டில் செய்த கத்தி ஐயா அது என்று மணலில் உட்கார்ந்து அவனுக்கே பாடம் எடுத்ததும்! உன் புதுக் குடையைக் கொடுத்துவிட்டு அதை வாங்கி வந்தாய். மீன் வாங்கவில்லை. ஆனாலும் ஒரு மாதம் வீட்டில் மீன் வாசம் போகவில்லை, அந்தக் கத்தியின் புண்ணியத்தில்.

இவ்வளவு இருந்தும் உனக்குச் சவரம் செய்துகொள்ளத் தெரியாது. இதையும் ஊருக்குச் சொல்லத்தான் போகிறேன். முப்பத்தொரு கத்திக்குச் சொந்தக்காரன், ஒரு நாள் விட்டு ஒரு நாள் கேம்ப் ரோட்டில் ஏகாம்பரத்தின் சலூனுக்குப் போய்க் கன்னத்தைக் காட்டிக்கொண்டு உட்காருவான்.

இரண்டு நாற்காலி, ஒரு நீளக் கண்ணாடி, மூலையில் ஒரு டிரான்சிஸ்டர். அதுதான் ஏகாம்பரம் சலூன். உன் வயதுதான் அவருக்கும். உனக்குக் கத்தியின் ஊரும் பிறப்பும் தெரியும், அவருக்கு அதன் குணம் தெரியும். செவ்வாய்க்கிழமை சலூனுக்கு விடுமுறை. சாயங்காலம் நம் வீட்டுக் கிணற்றடிக்கு வந்துவிடுவார். டின்னைத் திறந்து வைத்துக்கொண்டு இருவரும் ஒவ்வொரு கத்தியாகத் துடைத்து எண்ணெய் போடுவீர்கள். அந்த எண்ணெய் என் தையல் மெஷின் எண்ணெய். "டீச்சரம்மா பாக்கறதுக்குள்ள இன்னும் ரெண்டு சொட்டு வுடு சார்" என்று அவர் கிசுகிசுப்பது அடுப்படி வரைக்கும் கேட்கும். அண்ணி வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பாள்.

இனி அந்தப் பெட்டிக்கு வருகிறேன்.

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் உனக்கு அது அகப்பட்டது. கருப்புத் தோல் போர்த்த பெட்டி, பூட்டு துருப்பிடித்து இறுகிக் கிடந்தது. யாரோ ஒரு வெள்ளைக்காரர் வீட்டில் சமையல் செய்த குடும்பத்திலிருந்து வந்ததாம். "ஏழு கெயமைக்கு ஏழு கத்தி சார், உள்ள பத்திரமா கீது" என்றானாம் விற்றவன். அவனும் திறந்து பார்த்ததில்லை.

ஒரு நாள் உழைத்த கத்திக்கு ஆறு நாள் ஓய்வு கொடுத்தால் கூர் கெடாது என்பதற்காக, வாரத்துக்கு ஏழாகச் செய்த கத்திகள் அவை. ஒவ்வொன்றின் முதுகிலும் ஆங்கிலத்தில் கிழமையின் பெயர் பொறித்திருக்கும். அப்படி ஒரு பெட்டியை ஒரு தடவை கண்ணால் பார்த்தால் போதும் என்று நீ பத்து வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தாய். எலெக்ட்ரிக் டிரெயினில் அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாயாம். சானடோரியம் ஸ்டேஷன் வருவதற்குள் மூன்று தடவை காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தாயாம்.

நேராகச் சலூனுக்குப் போனாய். கடையில் கூட்டம். "பூட்டுல எண்ணெ வுட்டு வச்சிர்றேன் சார், ராவிக்கி ஊறட்டும். காலைல வா, தொறந்து வச்சிர்க்கேன்" என்றார் ஏகாம்பரம். மறுநாள் நீ போனபோது பெட்டி திறந்திருந்தது. தந்தப் பிடி போட்ட கத்திகள், திங்களிலிருந்து சனி வரை. ஆறு. ஞாயிற்றுக்கிழமைக் குழி காலி.

கடையில் நாலு பேர் இருந்தார்கள். நீ கேட்டாய்: "ஏழாவது எங்க ஏகாம்பரம்?"

"நான் தொறந்தப்போ ஆறுதான் சார் இருந்திச்சி."

நீ அந்தக் காலிக் குழியைக் காட்டினாய். உள்ளே விரித்த நீலப் பட்டு மற்ற ஆறு குழியிலும் நைந்து, எண்ணெய்க் கறையும் துருவுமாகப் பழுப்பேறிக் கிடந்தது. ஞாயிறு குழியில் மட்டும் கடையில் வெட்டி வாங்கியதுபோல் பளிச்சென்று இருந்தது. "இந்த இடம் மட்டும் புதுசா இருக்கே. நேத்து வரைக்கும் இங்க ஒண்ணு இருந்திருக்கு" என்றாய். நாலு பேரும் கேட்டார்கள். ஏகாம்பரம் கையில் இருந்த, கத்தி தீட்டும் தோல்வாரை ஆணியில் மாட்டினார்.

வீட்டுக்கு வந்து நீ சொன்னபோது நான் என்ன சொன்னேன்? "யானைத் தந்தம்னா சும்மாவா? ஆசை யாரை விட்டுது" என்றேன். அண்ணிதான், "அவரு அப்படிப்பட்ட ஆளில்லைங்க" என்றாள். அவளை நாம் இருவரும் பேசவிட்டோமா?

அதன் பிறகு மூன்று வருஷம் நீயே சவரம் செய்துகொண்டாய். பிளேடு வாங்க மானம் இடம் கொடுக்கவில்லை. கன்னத்திலும் தாடையிலும் செய்தித்தாள் துண்டுகளை ஒட்டிக்கொண்டு ஆபீஸ் போவாய். கேம்ப் ரோட்டில் சலூன் பக்கமாக நடக்காமல், ரோட்டைக் கடந்து எதிர்ச் சாரியில் போய், பஸ் ஸ்டாப்புக்காக மறுபடி கடந்து வருவாய். வெள்ளிக்கிழமை தவறாமல் பல்லாவரம் போய், ஞாயிறு விற்பனைக்கு வந்திருக்கிறதா என்று பார்ப்பாய். வரவில்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலங்களில் டின்னைத் திறந்து வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருப்பாய். என் எண்ணெய்ப் புட்டி தீரவே இல்லை அண்ணா. அதை வைத்தாவது எனக்குப் புரிந்திருக்க வேண்டாமா?

நீ எங்களை விட்டுப் போனதும் ஒரு ஞாயிற்றுக்கிழமைதான். விடிந்த கொஞ்ச நேரத்தில் நெஞ்சு வலி, அவ்வளவுதான். யாரும் சொல்லி அனுப்பவில்லை, ஏகாம்பரம் தானாக வந்து வாசலில் நின்றார். மூன்று நாள் தாடியோடு உன்னைச் சவப்பெட்டியில் வைக்க அண்ணிக்கு மனமில்லை. உன் கத்தியாலேயே செய்யட்டும் என்று அந்தக் கருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தாள். அவர் திறந்தார். "இன்னிக்கு ஞாயித்துக்கெயமை" என்று தனக்குத்தானே சொன்னார். விரல் அந்தக் காலிக் குழியில் போய் நின்றது.

அப்போது அவரை நான் ஒரு பார்வை பார்த்தேன். அவரும் பார்த்தார். பெட்டியை மூடிவிட்டுத் தன் பையிலிருந்து தன் சொந்தக் கத்தியை எடுத்தார். உன் தாடையை இடது கையில் ஏந்திக்கொண்டு, தூங்குகிற குழந்தைக்குச் செய்வதுபோல் மெதுவாக மழித்தார். மூன்று வருஷத்துக்குப் பிறகு உன் முகம் அன்றைக்குத்தான் காயமில்லாமல் இருந்தது. அதைப் பார்த்தும் நான் நினைத்தேன், குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கிறது என்று. நினைக்க எனக்கு வாய்த்த நேரத்தைப் பார்.

சரி, இப்போது போன ஞாயிற்றுக்கு வா.

மாதத்தின் முதல் ஞாயிறு, சபையார் அப்பம் வாங்கும் இராப்போஜன ஆராதனை. மணியடித்து, விளக்கேற்றி, கோயிலைப் பூட்டித் திறக்கும் நம் கோயில்பிள்ளை தேவசகாயத்துக்குக் கையில் கட்டு. ஆணி கிழித்துவிட்டதாம். "அப்பத்தை இன்னிக்கு நீங்க வெட்டிக் குடுங்கம்மா" என்று என்னை உடை மாற்றும் அறைக்குக் கூப்பிட்டார். ரொட்டியை ஓரம் நீக்கிச் சின்னச் சின்னச் சதுரமாக வெட்ட வேண்டும், பொடி உதிரக் கூடாது. மேசை இழுப்பறையைத் திறந்து வெள்ளைத் துணியில் சுற்றிய ஒன்றைக் கையில் கொடுத்தார். பிரித்தேன்.

தந்தப் பிடி அண்ணா! பாலைப்போல் வெள்ளை. நம்முடைய ஆறும் மஞ்சளேறிக் கிடக்க, இது அப்படியே இருக்கிறது. திருப்பினேன். முதுகில் ஆங்கில எழுத்தில், அதே வளைவு நெளிவோடு, சண்டே.

அலறியது அப்போதுதான்.

"எங்க அப்பா கோயில்பிள்ளையா இருந்த காலத்துலேர்ந்து இதுதாம்மா" என்றார் தேவசகாயம், ஒன்றும் புரியாமல். "அப்போ இருந்த வெள்ளைக்கார ஐயர் குடுத்தது. அவரு ஓய்வுநாள்ல சவரம் பண்ண மாட்டாராம். இந்தக் கத்தி எனக்கு வேலையில்லாம கிடக்கு, கர்த்தருக்காவது வேலை செய்யட்டும்னு குடுத்தாராம். ஒரு முகத்துலயும் பட்டதில்ல."

நினைத்துப் பார் அண்ணா. பல்லாவரம், பெருங்களத்தூர், கோவளம் என்று நீ அலைந்த அத்தனை வருஷமும் அது நம் கோயிலில் இருந்தது. நீ மாதாமாதம் முழங்காலிட்டுக் கையேந்தி வாங்கினாயே, அந்த அப்பத்தை வெட்டியது அதுதான்! எனக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. ரொட்டியை நான் வெட்டிய லட்சணத்தை அன்று சபையார் பார்த்திருப்பார்கள். சதுரம் ஒன்றுகூட இல்லை.

ஆராதனை முழுக்க என் கண்முன் நின்றது அந்த நீலப் பட்டுதான். ஆறு குழியில் ஏன் கறை? அங்கே கத்திகள் வருஷக்கணக்காகக் கிடந்தன, எண்ணெயும் துருவும் ஊறின. ஏழாவதில் ஏன் கறை இல்லை? அங்கே ஒன்றுமே கிடக்கவில்லை! நேற்றுவரை கத்தி இருந்திருந்தால் அந்தப் பட்டு மற்றதைப்போலத்தானே பழுத்திருக்கும்? முப்பத்தொரு கத்தி சேர்த்தவனே, துருவைப் பார்த்தே வயது சொல்லுகிறவனே, அன்றைக்கு உன் கண் எங்கே போயிற்று? உன்னைச் சொல்கிறேனே, கணக்கு டீச்சரான என் மூளை எங்கே போயிற்று? ஏகாம்பரம் எடுக்கவில்லை என்று அந்தப் பெட்டியே திறந்த அன்றைக்கே சாட்சி சொல்லிக்கொண்டிருந்தது. நாம் அதையே அவருக்கு எதிராகக் காட்டினோம்.

கடைசி ஜெபத்துக்கு ஆமென் சொன்ன கையோடு கேம்ப் ரோட்டுக்கு நடந்தேன். ஞாயிற்றுக்கிழமை, சலூன் நிரம்பி வழிந்தது. காதுவரை கிருதா வைத்த பையன்கள், பெரியவர்கள், ஏழெட்டுப் பேர். சேலை கட்டியவள் ஒருத்தி வேதப்புத்தகத்தோடு வாசலில் வந்து நின்றதும் டிரான்சிஸ்டரை யாரோ நிறுத்தினார்கள். ஏகாம்பரம் ஒருவருக்குப் பாதி முகம் முடித்திருந்தார்.

"இன்னா டீச்சரம்மா, வூட்ல எதுனா..."

நாலு பேர் முன்னால் கேட்ட கேள்விக்கு நாலு பேர் முன்னால்தான் பதில் சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். வாய் திறந்தால் குரல் கீச்சென்று வந்தது. "ஏழாவது கத்தி கிடைச்சிடுச்சு. எங்க கோயில்லயே இருந்திருக்கு, நாப்பது அம்பது வருஷமா. நீங்க எடுக்கலை. எங்கண்ணன் உங்களைக் கேட்டது தப்பு. நான் நம்புனது அதைவிடத் தப்பு. இங்க இருக்கிற எல்லாரும் கேட்டுக்குங்க."

நுரை பூசிய அந்த மனிதர் நாற்காலியில் அப்படியே திரும்பி என்னைப் பார்த்தார். ஏகாம்பரம் அவர் தலையைப் பிடித்து நேராக்கினார். இரண்டு இழுப்பு இழுத்துவிட்டு, கத்தியைத் துடைத்தார்.

"நான் எடுக்கலன்னு எனுக்குத் தெரியும்மா. நீ வந்து சொல்லியா எனுக்குத் தெரியணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. பிறகு கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, "சாருக்குத் தெரியாமப் பூட்சே. அதாம்மா பேஜாரா கீது" என்றார்.

யாரோ ஸ்டூல் நகர்த்திப் போட்டார்கள். உட்கார்ந்தேன். அந்தப் பாதி முகத்தை முடித்து, பவுடர் போட்டு அனுப்பிவிட்டு ஏகாம்பரம் என் பக்கம் திரும்பினார். முகம் மாறிவிட்டது அண்ணா! கிணற்றடியில் உன்னோடு உட்கார்ந்திருப்பாரே, அதே முகம்.

"அது எப்டிமா கீது? தந்தம் வெடிப்பு வுட்டுக்கீதா? மூக்கு ஒடையலியே? ரொட்டி அறுக்கறாங்களே, சாணை யாரு புடிக்கறாங்கோ? அய்யய்யோ, அந்தக் கத்திய வச்சிக்கினு ரொட்டியா!"

சிரித்தேன். கடையே சிரித்தது. செவ்வாய்க்கிழமை வருகிறேன் என்று அவரே சொன்னார். அவருக்கு அது விடுமுறை நாள் என்பதை நீயாவது மறப்பாயா?

நேற்றுச் சாயங்காலம் வந்தார். சாணைக்கல், தோல்வார், ஒரு குவளைத் தண்ணீர். கோயில் பின்படிக்கட்டில் உட்கார்ந்து ஞாயிற்றுக்குக் கூர் போட்டார். நான் உன் கருப்புப் பெட்டியைக் கொண்டுபோயிருந்தேன், என் எண்ணெய்ப் புட்டியையும். தேவசகாயமும் ஐயரும் பக்கத்தில் நின்று பார்த்தார்கள். ஒரு மணி நேரம் ஆயிற்று. தன் முன்கை மயிரில் வைத்துப் பார்த்தார், ஊதியதுபோல் போயிற்று. துடைத்து, எண்ணெய் தொட்டு, ஏழாவது குழியில் வைத்தார். சட்டென்று உட்கார்ந்தது அண்ணா. நீ பத்து வருஷம் பார்க்க ஆசைப்பட்டதை நான் பார்த்துவிட்டேன். ஏழும்! திங்கள் முதல் ஞாயிறு வரை, ஒரு வரிசையில்! உன் கண்ணையும் சேர்த்து என் இரண்டு கண்ணால் பார்த்தேன்.

"எடுத்துக்கொள்ளுங்கள் டீச்சர்," என்றார் ஐயர். "அப்பம் வெட்ட வேறு கத்தி வாங்கிக்கொள்ளலாம். ஜெபராஜின் ஆசை நிறைவேறட்டும்."

எனக்கு வேண்டும் என்றுதான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டேன். அப்போது ஏகாம்பரம் தன் பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார். கைக்குட்டையில் சுற்றிய கத்தி. கருப்புக் கொம்புப் பிடி, கைபட்டுக் கைபட்டு வழவழத்தது.

"சாருக்கு வச்ச கத்திம்மா. சாரு போன அன்னிக்கு மழிச்சேனே, அது. அதுக்கப்பறம் வேற மூஞ்சில வைக்கல, எங்க வயக்கம் அப்டி. வூட்ல கெடந்துகினு கீது. சாரு சேத்துவச்சதோட சேந்து அந்த டின்னுலயே இருக்கட்டும்."

வாங்கிக்கொண்டேன். கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன். பிறகு ஞாயிறை அந்தக் குழியிலிருந்து எடுத்து, துணியில் சுற்றி, தேவசகாயத்திடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அதற்கு ஞாயிறுதோறும் கோயிலில் வேலை இருக்கிறது. காலியான குழியில் ஏகாம்பரத்தின் கத்தியை வைத்தேன். அதுவும் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கத்திதானே? நீ போன ஞாயிற்றுக்கு உரிய கத்தி. எந்தக் குழியைக் காட்டி அவரைக் கேட்டோமோ, அந்தக் குழியில் அவர் கத்தி இருக்கட்டும் என்று தோன்றியது. செய்தது சரிதானே அண்ணா? நீ கோபித்துக்கொள்ளமாட்டாயே?

"ஐயோ, அது அதுல சேராதும்மா, நாட்டுக் கத்தி" என்று பதறினார்.

"சேரும் அண்ணா" என்றேன். அவரை அண்ணா என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. அவர் சாணைக்கல்லைக் கழுவப் போய்விட்டார். வெகுநேரம் கழுவினார்.

உண்மையில் அது சேரவில்லை. ஒரு விரல்கடை நீளம் கூடுதல், பிடியும் பருமன். பெட்டியின் மூடி முழுக்க மூடவில்லை. தையல் நாடாவால் ஒரு கட்டுக் கட்டி உன் கட்டிலுக்கு அடியில் வைத்திருக்கிறேன்.

இனி உனக்கு என் வாக்கு. அந்த மூடியை நான் ஒருநாளும் அழுத்தி மூடமாட்டேன், அந்தக் குழிக்கு வேறு கத்தி தேடமாட்டேன். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் டின் கிணற்றடிக்கு வரும், ஏகாம்பரம் அண்ணா வருவதாகச் சொல்லியிருக்கிறார், அண்ணி காபி போடுவாள். எண்ணெய்ப் புட்டியை எடுத்த இடத்தில் வைத்துவிட்டு, நான் அடுப்படியில் முதுகைத் திருப்பிக்கொண்டு நிற்பேன். இரண்டு சொட்டு என்ன, புட்டியே காலியாகட்டும்.

உன்னோடு சேர்ந்து தப்பாக நினைத்து, உனக்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வந்த

உன் ஒரே தங்கை
குளோரி